பத்து மாதக் காதலும் ஊரில் இருக்கும் அம்மாவும்

பிளஸ் ஒன் படிக்கும் மாணவி ஒருத்தி, மன்னார்குடிப் பேருந்து நிலையத்தில் என்னைக் கண்டதும், கைப்பேசியில் படித்து முடித்திருந்த ஓர் ஆங்கில நாவலைப் பற்றி நின்ற நிலையிலேயே கால் மணி நேரம் பேசினாள். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஓராண்டு வெளிநாடு போகும் பெண், அங்கே தன்னோடு படிக்கும் பையனைக் காதலிக்கிறாள், ஆண்டு முடிகிறது, திரும்ப வேண்டிய நாள் வந்துவிடுகிறது. கதை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனாலும் பேருந்தில் கால் வைக்கும்போது ஒன்று கேட்டாள்: “எல்லாம் சரி டீச்சர், அந்தப் பொண்ணோட அம்மா கதையில எங்கயுமே வரலையே, ஏன்?”

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எழுதியவரின் மறதியால் அம்மா விடுபட்டுப்போகவில்லை. அந்த நாவல் வகை கட்டப்பட்டிருக்கும் முறையே அவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. அந்தக் கட்டுமானம் புரிந்தால், காவிரிக் கரையிலிருந்து இதே கதையை எழுத வருகிறவர் எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் புரியும்.

இளையோருக்கான நூல்களுக்குத் தனி அடுக்கு வைக்கும் வழக்கம் அமெரிக்க நூலகங்களில் வேரூன்றியது. அமெரிக்க நூலகச் சங்கம் 1957-இல் இளையோர் சேவைக்கெனத் தனிப் பிரிவு அமைத்தது. 12 முதல் 18 வயது வரையுள்ளவர்களே அதன் வாசகர்கள். அந்த வயதுக்காரர் ஒருவரே தன் வாயால் கதையைச் சொல்வதும், பெரியவர்கள் ஓரத்துக்கு ஒதுங்குவதும், கதைக்காலம் ஒரு கோடை விடுமுறை அல்லது ஒரு பள்ளியாண்டு என்று சுருங்குவதும் இந்நாவல்களில் பெரும்பாலானவற்றின் இயல்பு. நம் பக்கத்திலோ சிறுவர் இதழைக் கீழே வைத்த பெண்பிள்ளை நேராக மாத நாவலைத்தான் கையில் எடுத்தாள். அங்கே நாயகி படிப்பை முடித்தவள், முதல் அத்தியாயத்திலேயே கல்யாணப் பேச்சு வந்துவிடும். பதினாறு வயதுக்காரி தன் வயதுக்காரியைக் கதையில் சந்திக்க வழியில்லாமல் இருந்தது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதை நூலகவியலின் விதிகளுள் ஒன்றாக 1931-இல் எழுதிவைத்த எஸ்.ஆர்.ரங்கநாதன் நம் சீர்காழியில் பிறந்தவர். அவர் பிறந்த இதே மண்ணில் நான் போய்வரும் கிளை நூலகங்களில், அந்த வயதுக்கென்று எழுதப்பட்ட தமிழ்க் காதல் கதைக்கு ஓர் அடுக்கு இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அதனால்தான் பிள்ளைகள் கைப்பேசியில் ஆங்கிலத்தில் தேடிப் படிக்கிறார்கள்.

பரிமாற்ற மாணவி என்பவள் பட்டப்படிப்புக்காக வெளிநாடு போகும் மாணவியினின்றும் வேறானவள். அவள் பட்டம் வாங்கப் போகவில்லை, வேலை தேடவும் போகவில்லை. இன்னொருவர் வீட்டுப் பிள்ளையாக ஓராண்டு வாழ்ந்து பார்க்கப் போகிறாள். முதல் உலகப் போரில் காயம்பட்டவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தன்னார்வலர்களின் அமைப்பான ஏ.எஃப்.எஸ்., இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் 1947-இல் மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்பத் தொடங்கியது. ஒருவர் பிள்ளை இன்னொருவர் வீட்டில் உண்டு உறங்கி வளர்ந்துவிட்டால் அந்த இரு நாடுகளும் மறுபடி ஒன்றையொன்று வெறுப்பது கடினம் என்ற நம்பிக்கையே அதற்கு அடிப்படை. இன்று அமெரிக்கப் பள்ளிகளுக்கு இப்படிப் போகிறவர்களுக்கு ஜே-1 விசா வழங்கப்படுகிறது. 15 வயது நிரம்பியிருக்க வேண்டும், 18 வயதும் 6 மாதமும் தாண்டியிருக்கக் கூடாது, அதிகபட்சம் ஒரு கல்வியாண்டுதான் இருக்கலாம், தங்குவது ஒரு குடும்பத்தின் வீட்டில், அந்தக் குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது. பெரும்பாலும் ஆகஸ்டில் போய் ஜூனில் திரும்ப வேண்டும்.

காதல் கதையை ஓட்டும் விசை முழுவதும் இந்த விதிகளுக்குள்தான் இருக்கிறது. வழக்கமான காதல் நாவலில் இருவரும் சேர்வதற்குக் குறுக்கே யாரையாவது கொண்டுவந்து நிறுத்தியாக வேண்டும். சாதி பார்க்கும் அப்பா, வட்டிக்குப் பணம் கொடுத்த மாமா, முறைமாப்பிள்ளை என்று அந்த வரிசை நமக்குப் பழகியது. பரிமாற்றக் கதைக்கு வில்லனே வேண்டாம். முதல் பார்வைக்கும் முன்பே கடைசி நாள் குறிக்கப்பட்டிருக்கிறது; சண்டை போட்டு வீணாகும் ஒரு வாரமும் அந்தக் கணக்கில் கழிகிறது; பிரிய வேண்டியதற்குக் காரணம் இருவரிடத்திலும் இல்லாததால் வாசகிக்கு யார்மீதும் கோபம் வருவதில்லை, பரிவு மட்டுமே மிஞ்சுகிறது. காதலே சில திட்டங்களில் விதிமீறல் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரோட்டரி சங்கத்தின் இளையோர் பரிமாற்றத்தில் மாணவர்களுக்கு மனப்பாடமாகச் சொல்லித்தரும் நான்கு தடைகள் உண்டு: வண்டி ஓட்டக் கூடாது, குடிக்கக் கூடாது, போதைப்பொருளைத் தொடக் கூடாது, காதலில் இறங்கக் கூடாது. ஆங்கிலத்தில் நான்கும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் எளிதில் நினைவில் நிற்கும். நாவலாசிரியர்கள் முதல் மூன்றைப் பெரும்பாலும் கடந்து போய்விட்டு நான்காவதில் கூடாரம் அடிக்கிறார்கள்.

இந்நாவல்கள் அனைத்தும் ஒரே மேடு பள்ளத்தில் நடப்பதுபோலத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. நார்வேயைச் சேர்ந்த சமூகவியலாளர் லிஸ்கார்ட், ஃபுல்பிரைட் என்னும் அமெரிக்க அரசின் உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்த தன் நாட்டவர் 200 பேரை விசாரித்து 1955-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் புதிய ஊரில் ஒட்டிக்கொண்டார்கள்; இடைப்பட்ட காலம் இருந்தவர்களே திண்டாடினார்கள். முதலில் மலைப்பும் மகிழ்ச்சியும், நடுவில் ஊர் ஏக்கம், கடைசியில் நிதானம் என்று அது ஒரு வளைவாக வரையப்பட்டு, பிறகு வந்த பயிற்சிக் கையேடுகள் பலவற்றிலும் ஏறிவிட்டது. நாவல்கள் அதே வளைவைப் பத்து மாதத்துக்குள் மடித்து வைக்கின்றன: ஆகஸ்டில் வியப்பு, நவம்பரில் அழுகை, வசந்தம் வரும்போது காதல். லிஸ்கார்டின் கணக்கையே எடுத்துக்கொண்டால், பத்து மாதத்தில் திரும்புகிறவள் பள்ளத்தில் இருக்கும்போதே திரும்புகிறாள். இதை நேர்மையாக எழுதினால், காதல் அவளை அந்தப் பள்ளத்திலிருந்து தூக்கிவிட்டதா, பள்ளத்தில் தனியாக இருந்ததால் காதல் வந்ததா என்ற கேள்வியை எழுத்தாளர் தவிர்க்க முடியாது. அதைத் தவிர்க்காத நாவலையே நான் நல்ல நாவல் என்பேன்.

நம் ஊர்ப் பெண்ணை இந்தக் கட்டுமானத்துக்குள் நடக்கவிட்டால் முதலில் இடறும் இடம் விளிச்சொல். அவள் போய்த் தங்கும் வீட்டுத் தலைவிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அந்த அம்மாள் வாசலிலேயே, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்று சொல்லிவிடுவார். திருவாரூரிலோ பாபநாசத்திலோ வளர்ந்த பெண்ணுக்கு அது வாயில் வராது. இங்கே பால் ஊற்ற வருகிறவர் அண்ணன், எதிர்வீட்டுக்காரி சித்தி, பேருந்து நடத்துநர் சார், கோயில் வாசலில் பூ விற்பவர் ஆத்தா. உறவுப்பெயர் இல்லாமல் மூத்தவர் ஒருவரை அழைத்த பழக்கமே அவளுக்கு இல்லை. ஆன்ட்டி என்றால் அங்கே உண்மையான அத்தையையோ சித்தியையோதான் குறிக்கும். எனவே முதல் மாதம் முழுவதும் அவள் அந்த அம்மாளை எந்தப் பெயராலும் அழைக்க மாட்டாள். மாடியிலிருந்து கூப்பிட்டுக் கேட்கக்கூடிய சின்ன விஷயத்துக்கும் இறங்கி வந்து, சமையலறைக்குள் அவர் எதிரில் போய் நின்று, அவர் நிமிர்ந்து பார்த்த பிறகே பேசுவாள். தயங்கித் தயங்கி வந்து நிற்கும் இந்தப் பெண் மிகவும் கூச்சக்காரி என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அவளுக்குக் கூச்சம் இல்லை, சொல் இல்லை. இந்த ஒரு நுட்பத்தை மட்டும் நான்கு பக்கம் எழுதலாம். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இப்படி ஓர் இடர்ப்பாடு இருப்பதே தெரிய வாய்ப்பில்லை.

பையனோடு பேசும் பேச்சிலும் அதே சிக்கல் வேறு உருவில் வரும். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல் இருப்பதால் அவர்கள் நெருங்கியதை உரையாடலில் காட்ட வேறு வழி தேட வேண்டும். அதே உரையாடலைத் தமிழில் எழுதும்போது நீ என்பதா நீங்க என்பதா என்று முதல் வரியிலேயே முடிவு செய்தாக வேண்டும். பதினேழு வயதுக்காரர்கள் இருவரும் வகுப்புத் தோழர்கள் என்பதால் நீ என்று எழுதிவிடலாம்தான். ஆனால் அவள் மனத்துக்குள் அவனைப் பற்றி நினைக்கும்போது அவன் என்கிறாளா அவங்க என்கிறாளா என்பது வேறு கேள்வி. கணவரைப் பெயர் சொல்லாமல் ஏங்க என்று அழைக்கும் அம்மாவிடம் வளர்ந்தவள் அவள். ஒரே ஒரு சொல் மாறும் இடத்தில் அவள் மனம் மாறியதை வாசகிக்குச் சொல்லிவிட முடியும் என்பது தமிழுக்குக் கிடைத்திருக்கும் வசதி.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். படிப்புக்காகப் பிரிந்து போவது தமிழ்க் காதல் இலக்கணத்துக்குப் புதிதே இல்லை. “ஓதல் பகையே தூதிவை பிரிவே” என்று தொல்காப்பியம் பிரிவுக்குரிய காரணங்களைச் சொல்லும்போது கல்வியைத்தான் முதலில் வைக்கிறது. எவ்வளவு காலம் பிரிந்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு கட்டுகிறது: “வேண்டிய கல்வி யாண்டுமூன் றிறவாது”, அதாவது கல்விக்கான பிரிவு மூன்றாண்டைக் கடக்காது. காதலுக்குக் காலக்கெடு விதிக்கும் இந்தச் சிந்தனை, விசாத் தாளில் அச்சிட்ட கடைசித் தேதியைக் கண்டு நாம் வியக்க வேண்டியதில்லை என்று காட்டுகிறது. ஆனால் அதே நூல், ஓதலும் தூதும் உயர்ந்தோருக்கே உரியவை என்றும் சொல்கிறது. “முந்நீர் வழக்கம் மகடூஉவோ டில்லை”, கடல்கடந்து போவது பெண்ணோடு இல்லை, என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது நூற்பாவுக்கு உரையாசிரியர்கள் வெவ்வேறு பொருள் கூறினாலும், எப்படிக் கொண்டாலும் அவன் போகிறான், அவள் கரையில் நிற்கிறாள்.

டெல்டாவில் இது ஏட்டுச் செய்தியாக மட்டும் இருந்ததில்லை. நாகப்பட்டினத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த ரஜூலா கப்பலும், 1985-இல் தீப்பிடித்த சிதம்பரம் கப்பலும் இங்குள்ள பல குடும்பங்களின் நினைவில் இன்னும் இருக்கின்றன. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கத்து வீடுகளில் சபர் என்ற சொல் வெறும் பயணத்தைக் குறிக்காது. வீட்டில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதையும் சேர்த்தே குறிக்கும். கடல் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். அவர்களின் பிரிவை வீட்டிலிருந்தபடி நாள் எண்ணியவர்கள் பெண்கள். பரிமாற்றக் கதையில் பெண் போகிறாள் என்பதே நம் மரபில் ஒரு பெரிய மாற்றம். இக்கதைகள் நம் பிள்ளைகளை ஏன் இவ்வளவு பிடித்து இழுக்கின்றன என்பதற்கு எனக்குத் தோன்றும் முதற்காரணமும் அதுதான்.

காவிரி கடலில் கலக்கும் ஊரைப் பாடிய பட்டினப்பாலை, போகாமல் நின்றுவிட்ட ஒருவனின் பாட்டு. 301 அடிகளில் காதலைப் பேசுபவை மிகச் சிலவே. மற்றவை பட்டினத்தின் வளமும் கரிகாலனின் பெருமையும். பல மொழி பேசும், வேற்று நாடுகளிலிருந்து வந்த மக்கள் கலந்து இனிதாக வாழும் பட்டினம் அது என்று சொன்ன கையோடு, அந்தப் பட்டினத்தையே கொடுத்தாலும் அவளை விட்டு வர மாட்டேன் என்று அவன் தன் நெஞ்சிடம் சொல்கிறான். அயலவரோடு கலந்து வாழும் இன்பத்தையும், அன்புக்குரியவரைப் பிரிய மறுக்கும் மனத்தையும் அடுத்தடுத்த அடிகளில் வைத்த அந்தப் புலவரைத்தான், ஒரு பரிமாற்ற நாவலை எழுத உட்காரும் இளைஞருக்கு நான் முதலில் படிக்கச் சொல்வேன். கதையின் இரு கரைகளும் அங்கேயே இருக்கின்றன.

அம்மாவுக்கும் நம்மிடம் இடம் உண்டு. ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் ஓதலாந்தையார் பாடிய பத்துப் பாடல்களுக்கு “மகட்போக்கிய தாயிரங்கு பத்து” என்று பெயர். காதலனோடு போய்விட்ட மகளை நினைத்துத் தாய் பேசும் பாடல்கள் அவை. மகள் படிக்கப் போனதைப் பற்றிய பாட்டு அங்கே இல்லை, இருந்திருக்கவும் முடியாது. ஆயினும், பிரிவு என்றால் வீட்டில் எஞ்சியிருப்பவரின் குரலும் கேட்க வேண்டும் என்ற உணர்வு அகப்பாடல்களின் அமைப்பிலேயே உண்டு; தலைவி, தோழி, செவிலி, நற்றாய் என்று பேசுகிறவர்களில் பலர் ஊரில் இருப்பவர்கள். ஆங்கில இளையோர் நாவலோ போகிறவளின் ஒற்றைக் குரலில் ஓடுகிறது. அவள் கண்ணுக்கு எட்டாதது கதைக்குள் வராது. மாணவி கண்டுபிடித்த குறை இதுதான்.

அந்த அம்மாவை எழுதினால் என்ன கிடைக்கும் என்பதற்குக் கடிகாரம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மகள் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். ஆகஸ்டில் நமக்கும் அந்த ஊருக்கும் பத்தரை மணி நேர வேறுபாடு. அவள் காலை எட்டு மணிக்குப் பள்ளிக்குள் நுழையும் முன் பேசினால் இங்கே மாலை ஆறரை, விளக்கு வைக்கும் நேரம். அம்மா திரியைத் தூண்டிவிட்டுக் கைப்பேசியை மாடத்தில் சாய்த்து வைத்திருப்பார். நவம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுகிறார்கள். வேறுபாடு பதினொன்றரை மணி நேரம் ஆகிவிடுகிறது. மகள் அதே எட்டு மணிக்குத்தான் அழைக்கிறாள். இங்கே ஏழரை. அந்த முதல் நாள், ஆறரைக்கும் ஏழரைக்கும் நடுவே விளக்குக்கு எண்ணெய் ஊற்றியபடி அம்மா உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரம் மகளுக்குத் தெரியவே தெரியாது.

நவம்பர் என்றால் டெல்டாவுக்கு மழையும் புயலும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. தென்னைகள் வரிசையாகச் சாய்ந்தன; மின்கம்பங்கள் விழுந்து, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை; கைப்பேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. அந்த ஆண்டு முத்துப்பேட்டைப் பெண் ஒருத்தி மின்னசோட்டாவில் இருந்திருந்தால், புயல் கரை ஏறிய நேரத்தில் அவளுக்கு முந்தின நாள் வியாழக்கிழமைப் பிற்பகல், வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். மறுநாள் காலை அழைப்பாள், மணி போகாது. அதற்கடுத்த நாளும் போகாது. மூன்றாவது மாதத்தில் வரும் ஊர் ஏக்கம் என்று கையேடு ஒற்றை வரியில் முடிக்கும் பள்ளத்துக்கு நம் கதையில் காற்றின் வேகமும் சாய்ந்த தென்னையின் எண்ணிக்கையும் இருக்கும். அவள் கைப்பேசியை வெறித்துக்கொண்டு உணவுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது எதிரில் வந்து ஒன்றும் கேட்காமல் அமர்கிறவன் யாரோ, அவனை அவள் காதலிப்பதில் வாசகிக்கு எந்த ஐயமும் எழாது.

பள்ளியாண்டும் பாசன ஆண்டும் பொருந்தி வருவதையும் சொல்ல வேண்டும். ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு அவள் கிளம்புவாள். சம்பா நாற்று விட்டு, நட்டு, தையில் அறுத்து, அந்தத் தரிசில் உளுந்து தெளித்து எடுத்து, வயல் வெடித்துக் கிடக்கும் கோடையும் கழிந்து, ஜூன் 12-இல் மேட்டூர் திறப்பார்களா என்று ஊரே அணையின் நீர்மட்டத்தைச் செய்தித்தாளில் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் திரும்பி வருவாள். ஒரு சாகுபடி ஆண்டின் பசுமை முழுவதையும் அவள் பார்க்கவில்லை. போகும்போது தண்ணீர் ஓடிய வாய்க்கால், வரும்போது வறண்டு கிடக்கும்.

திரும்பி வந்த பிறகு என்ன ஆகும் என்பதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் நாடுகளின் பள்ளி மாணவர்களுக்காக அமெரிக்க அரசு 2002-இல் தொடங்கிய கென்னடி–லூகர் திட்டத்தின்கீழ் இந்திய மாணவர்களும் போய் வந்திருக்கிறார்கள். செலவு முழுவதையும் அரசே ஏற்கிறது. கல்வி கற்கப் போவது உயர்ந்தோருக்கே என்ற பழைய நூற்பாவின் வேலி இங்கேதான் சற்று விலகுகிறது. நாகூரில் சிறு கடை வைத்திருப்பவரின் மகளும் தேர்வில் வென்றால் போகலாம். ஆனால் அரசுப் பணத்தில் ஜே-1 விசாவில் போனவர், விலக்கு பெற்றாலன்றி, இரண்டாண்டுகள் சொந்த நாட்டில் இருந்த பிறகே அங்கு குடியேறவோ, மணமகளாகப் போவதற்கான கே விசா பெறவோ முடியும். ஆங்கில நாவல்கள் விமான நிலையத்தில் அணைத்துக்கொண்டு முடிந்துவிடுவதால் இந்த இரண்டாண்டு யார் கண்ணிலும் படுவதில்லை. அங்கே அவனுக்குப் பத்தொன்பது வயதாகிறது. இங்கே இவள் பிளஸ் டூ தேர்வுக்கு மறுபடி உட்கார்கிறாள். உறவினர்கள் வந்து, அமெரிக்காவில் இருந்தவளாமே என்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். இரண்டாம் நாவல் ஒன்றே அதில் இருக்கிறது.

பிரியும் காட்சியில் அவள் என்ன சொல்வாள் என்று யோசித்தேன். நம் வழக்கில் போகிறேன் என்று சொல்லக் கூடாது. போயிட்டு வரேன் என்றே சொல்ல வேண்டும். அந்த வீட்டுத் தலைவியிடமும், அந்தப் பையனிடமும், விசா முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டே அவள் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்வாள். எப்போது வருவாய் என்று அவன் உடனே கேட்பான். அது விடைபெறும் சொல் மட்டுமே என்று விளக்க அவளால் முடியாது.

இவற்றையெல்லாம் என் மாணவியிடம் இரண்டு மூன்று தவணையாகச் சொன்னேன். அம்மா வருகிற மாதிரி நீயே எழுதிப் பாரேன் என்றும் சொன்னேன். சென்ற வாரம் கோடு போட்ட நோட்டில் பதினோரு பக்கம் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் அம்மா சுண்டைக்காய் வற்றலும் பருப்புப்பொடியும் கட்டி, பெட்டியை அரிசி மண்டித் தராசில் ஏற்றி, 23 கிலோவுக்கு மேல் போனதால் பொடியை எடுப்பதா வற்றலை எடுப்பதா என்று மண்டிக்காரரிடம் யோசனை கேட்டுக்கொண்டிருக்கிறார். பெண் இன்னும் ஊரை விட்டே கிளம்பவில்லை.